பச்சை எண்ணில் ஒரு பாட்டு

"கேளு," என்று ரவ்தா போனை அண்ணனின் காதில் வைத்து அழுத்தினாள்.

ஷுக்ரி அப்போது ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் கிரீஸ். அதனால் போனை வாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. முதலில் ஒரு மத்தளச் சத்தம், பிறகு மவுத்ஆர்கன், பிறகு ஓர் ஆள் பாடினான். 'மூச்சு விடு, கடலே, மூச்சு விடு. போக மாட்டோம், நாங்க இங்கேதான் இருக்கோம்.' அந்த ஆள் ஷுக்ரியேதான். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஷுக்ரி, தொண்டை இன்னும் கரகரக்காத ஷுக்ரி. பாட்டு நடுவில் வெட்டுப்பட்டு, வெண்ணெய் தடவின மாதிரி ஒரு பெண் குரல் வந்தது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்.' மறுபடியும் மத்தளம்.

"இது எந்த நம்பர்?"

"உரத் தொழிற்சாலையோட பச்சை எண். புகார் சொல்றதுக்கு வெச்சிருக்காங்களே, காசு பிடிக்காதுன்னு, அது. பத்தொம்பது நிமிஷமா நிக்கிறேன். என் பிள்ளை அங்க முகமூடியை மாட்டிக்கிட்டு மூச்சுக்கு அல்லாடுறா, நீ என்கிட்ட மூச்சு விடு, மூச்சு விடுன்னு பாடுறே."

"நான் பாடலை, ரவ்தா."

"பின்னே, உன் குரல்ல கழுதையா பாடுது? என்னத்தைக் கொடுத்தாங்க உனக்கு?"

அன்று காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து மஞ்சள் புகை இறங்கியிருந்தது. ராஸ் மில்ஹ் ஊரில் இது மழை மாதிரி. வரும், ஜன்னலைச் சாத்துவார்கள், போகும். ஆனால் அன்று காற்று பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பிவிட்டது. ரவ்தாவின் மகள் இலெஃப் உட்பட முப்பது பிள்ளைகளைச் சுகாதார நிலையத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் முகமூடி நாலுதான் இருந்ததால் மாற்றி மாற்றி மாட்டினார்கள். ரவ்தா அண்ணனின் பதிலுக்கு நிற்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் அவனோடு பேசவும் இல்லை.

ஷுக்ரியின் இசைக்குழுவுக்குப் பெயர் 'கடலின் பிள்ளைகள்'. ஆரம்பத்தில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். மத்தளக்காரன் ஒரு படகில் ஏறி இத்தாலிக்குப் போய் அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். கீபோர்டு வாசித்த பெண் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் வாழ்க்கைப்பட்டாள். பேஸ் கித்தார்க்காரன் அதே உரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அப்பாவுக்கு டயாலிசிஸ், அவனை என்ன சொல்ல முடியும். ஷுக்ரி பெயரை மாற்றவில்லை. மத்தளத்தை முதுகில் கட்டி, அதன் கோலைக் கயிற்றால் குதிகாலில் இணைத்து, மவுத்ஆர்கனைக் கழுத்துக் கம்பியில் மாட்டி, கித்தாரைக் கையில் எடுத்து, நாலு பேரையும் தானே சுமந்தான். மேடை ஏறினால் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "பிள்ளைங்களைக் காணோம், பெத்தவன் மட்டும் வந்திருக்கான்?" பதினைந்து வருஷமாக இந்த ஒரே நகைச்சுவை. அவனும் பதினைந்து வருஷமாகச் சிரித்துவைத்தான்.

கொள்கை வேறு அவனைச் சும்மா விடவில்லை. மின்சாரம் அந்தத் தொழிற்சாலையின் நிலையத்திலிருந்து வருகிறது என்று, மேடையில் கம்பி இழுக்க மாட்டான். சைக்கிள் ஒன்றை நிறுத்தி, கூட்டத்தில் யாரையாவது ஏற்றி மிதிக்கச் சொல்வான். அந்த மிதியில்தான் மைக்கும் ஒலிபெருக்கியும் ஓடும். மிதிப்பவர் களைத்தால் பாட்டும் களைக்கும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பிளாஸ்டிக் தட்டு போடக் கூடாது என்பான். கடைசியில் பிளாஸ்டிக் தட்டு தங்கியது, ஷுக்ரியைக் கூப்பிடுவதுதான் நின்றது. சோற்றுக்கு சைக்கிள் ரிப்பேர். இத்தனைக்கும் நடுவில் அவன் பெயர் வாங்கின பாட்டு ஒன்றே ஒன்று. 'மூச்சு விடு, கடலே.' நகராட்சி நடத்திய கடற்கரைத் தூய்மை நாளுக்காகப் பதிவு செய்தது. ஊரில் அதை முணுமுணுக்காத வாய் இல்லை. அதன் இரண்டாவது சரணத்தில் தொழிற்சாலையின் கழிவுக் குழாய் எந்த இடத்தில் கடலைத் தொடுகிறது என்று அடையாளத்தோடு வரும். பச்சை எண்ணில் அந்தச் சரணத்தை மட்டும் கத்தரித்திருந்தார்கள்.

அன்று ரவ்தா போனதும் ஷுக்ரி கைகழுவிவிட்டு நேராக நகராட்சிக்குப் போனான். அங்கே பண்பாட்டுப் பிரிவில் இருந்தவர் ஸி அம்மார், ஷுக்ரியின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவர் பெட்டகத்தைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கீழே ஷுக்ரியின் கையெழுத்து. பதிவு நகராட்சிக்குச் சொந்தம். சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்காகப் பங்காளி நிறுவனங்கள் யாருக்கும் அதைக் கொடுக்கலாம், வேண்டியபடி சுருக்கலாம். பங்காளிகளின் பட்டியலில் முதல் பெயரே அந்தத் தொழிற்சாலை.

"மாமா, இதுல இப்படி எழுதியிருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ படிச்சிருக்கணும்ல. நான் நீட்டினேன். படிக்காதேன்னு சொன்னேனா?"

ஷுக்ரிக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஊரில் தாய்வழி உறவு ஒருத்தர் தேநீரோடு காகிதம் நீட்டினால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தைப் பார்த்தால், உன்னை நான் திருடன் என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். தன் நிக்காஹ் ஒப்பந்தத்தைக் கண்ணாடி மாட்டிப் படித்த மாப்பிள்ளை ஒருவனுக்கு ஊர் 'வக்கீல்' என்று பெயர் வைத்து, அவன் பிள்ளைகளையும் வக்கீல் பிள்ளைகள் என்றே கூப்பிடுகிறது. அந்த மாப்பிள்ளையைக் கல்யாணப் பந்தலிலேயே எழுந்து நின்று கண்டித்தவர் சாட்சாத் இதே ஸி அம்மார்.

"நான் அன்னிக்குப் படிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டான். "அம்மாவோட பேச்சை நிறுத்தியிருப்பீங்க. பெருநாளைக்கு வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டீங்க."

"அது வேற," என்றார் ஸி அம்மார். "டீ ஆறுது, குடி."

குடிக்கவில்லை. அந்த ஊரில் அதுவும் ஓர் அவமதிப்புத்தான். தெரிந்தே செய்தான்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனான். வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்த பிறகு, மக்கள் தொடர்பைப் பார்க்கும் மதாம் வஹீபாவிடம் அனுப்பினார்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம். அந்த அம்மாள் திட்டவில்லை. எழுந்து நின்று வரவேற்றாள். "நீங்கதான் அந்தப் பாடகரா? எங்க வீட்டுல பிள்ளைங்க எல்லாம் உங்க விசிறிங்க," என்றாள். ஷுக்ரி பாட்டை எடுக்கச் சொன்னான். அவள் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, கணினியைத் திருப்பி ஒரு படம் காட்டினாள். நீலக் கோடு ஒன்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கியது.

"முன்னெல்லாம் ஜனங்க ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டாங்க, கத்துவாங்க, அசிங்கமா பேசுவாங்க. எங்க பசங்க அழுதுக்கிட்டே வேலையை விட்டாங்க. உங்க பாட்டைப் போட்டதுல இருந்து பாருங்க. அமைதியா கேக்கறாங்க, கொஞ்ச நேரத்துல அவங்களே வெச்சிடறாங்க. பதிவாகிற புகார் பாதிக்கும் கீழே."

"புகார் பாதியாச்சு. புகை?"

"புகார் குறைஞ்சா நிலைமை மேம்பட்டிருக்குன்னுதானே அர்த்தம். அறிக்கையில அப்படித்தான் போடறோம்."

குழந்தையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாலாட்டுக்குக் குழந்தையின் மாமனையே பிடித்துவந்த சாமர்த்தியம் இவர்களுக்குத்தான் வரும். ஷுக்ரிக்கு அந்தக் கணினியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைத்தால் நாளைக்கே அவனுக்குப் பைத்தியம் என்று எழுதுவார்கள். அவன் பாட்டை முணுமுணுத்தபடியே எத்தனை பேர், புகார் சொல்லாமல், பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே போனை வைத்திருப்பார்கள்? பதினைந்து வருஷம் மத்தளம் சுமந்து வளைந்த முதுகோடு அவன் வெளியே வந்தான். வாசல் காவலாளி அவனைப் பார்த்துவிட்டு விசிலில் அதே மெட்டை ஊதினான். கிண்டலுக்கு ஊதினானா, பிடித்து ஊதினானா, சொல்ல முடியவில்லை.

ஊருக்குள் செய்தி ஷுக்ரிக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. காபிக்கடையில் ஒருத்தன், "என்ன, கடலின் பிள்ளை, தத்துப் போயிட்டியாமே?" என்றான். டயர் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் வேறு கடை தேடினார்கள். சனிக்கிழமை மாலை மீன்பிடித் துறையில் பாடப்போகிறேன், கத்தரித்த சரணத்தோடு முழுசாகப் பாடப்போகிறேன், நான் விலைபோனேனா இல்லையா என்று வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். இது ஒன்றுதான் அவனிடம் மிச்சம். இதுவும் போனால் மத்தளத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான்.

இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். வம்பு கேட்க வந்தவர்கள்தான் அதிகம். வெயில் சாய்ந்திருந்தது. படகுகள் கரையில் கிடந்தன. மீன் இல்லாத கடலுக்கு யார் அவசரமாகப் போவார்கள். வலை தைக்கும் ஒருத்தர் சைக்கிளில் ஏறி மிதிக்க ஆரம்பித்தார். கூட்டத்தின் ஓரத்தில் ரவ்தா மகளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் வந்ததே ஷுக்ரிக்குப் போதும். குதிகாலைத் தட்டினான், மத்தளம் பேசியது, பாடினான். முதல் வரி சுத்தமாக விழுந்தது. 'போக மாட்டோம், நாங்க இங்கேதான் இருக்கோம்' முடிந்து மூச்சு வாங்கினான்.

அந்த இடைவெளியில் முன்வரிசைப் பிள்ளைகள் ஒரே குரலில், வெண்ணெய் தடவின தொனியில் சொன்னார்கள்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்."

துறை முழுக்கச் சிரித்தது. பிள்ளைகள் கேலிக்குச் செய்யவில்லை, பாவம். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் அம்மா போனை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டுச் சமைத்த நாட்களில் கேட்டுப் பழகின பாட்டு. ஷுக்ரி இரண்டாம் தடவை ஆரம்பித்தான். அதே இடத்தில் அதே பதில், இந்தத் தடவை பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் கித்தாரை நிறுத்தினான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. என் பாட்டை எடுத்துக்கொண்டது போதாது என்று, என் ஊர் வாயில் வேறு அதை மாற்றி வைத்துவிட்டார்களே, பாவிகள் என்று இருந்தது. எதிரில் இருந்த யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

ரவ்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பச்சை எண்ணைப் போட்டு, போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள். பழைய ஷுக்ரி ஒலிபெருக்கியில் பாட ஆரம்பித்தான்.

"சிரிச்சீங்கல்ல?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "நில்லுங்க. இன்னிக்கு யாரும் போனை வைக்கப் போறதில்லை."

நின்றார்கள். ஐந்து நிமிஷம் சிரித்தபடி நின்றார்கள். பத்தாவது நிமிஷத்தில் சிரிப்பு இல்லை. பதினைந்தில் ஒருத்தர் கெட்ட வார்த்தை சொன்னார், யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. தனியாக வீட்டில் நின்றபோது நம் நேரம் சரியில்லை என்று நினைத்தவர்கள், இருநூறு பேராக நிற்கும்போதுதான் இது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மிதித்தவர் களைத்து இறங்க, இன்னொருத்தர் தானாக ஏறினார். ஷுக்ரி முதுகு மத்தளத்தோடு, வாசிக்காமல், சும்மா நின்றான். அவன் மேடையில் சும்மா நின்றது அதுவே முதல் தடவை. முப்பத்தோராவது நிமிஷத்தில் பாட்டு அறுந்தது.

"ஹலோ, புகார்ப் பிரிவு. சொல்லுங்க."

சின்ன வயதுக் குரல். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான். ரவ்தா வாயைத் திறந்தாள், மூடினாள். இத்தனை வருஷத்தில் யாராவது அந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று எதிர்பார்த்து அவள் ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

படகுக்காரர் ஹமாதி முன்னால் வந்தார். எழுபது வயசு. தொப்பியைக் கழற்றி, நீதிபதி முன்னால் நிற்கிற மாதிரி நின்று, தன் பெயரையும் அப்பா பெயரையும் படகின் பெயரையும் சொன்னார். அவர் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் பின்னால் பள்ளிக்கூட வாத்தியார். ரொட்டிக்கு நிற்கிற மாதிரி வரிசை தன்னால் உண்டாகி ஐஸ் கிடங்கைத் தாண்டிப் போயிற்று.

"சரி பெரியவரே, எழுதிக்கிட்டேன். என்ன புகார்?"

ஹமாதி திரும்பி வரிசையை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார்.

"உக்காந்துக்கங்க தம்பி," என்றார் மைக்கில். "நேரமாகும்."

அவருக்கு அடுத்து நின்ற பெண் வழிவிட, ரவ்தா தன் மகளை மைக் முன்னால் நிறுத்தினாள். இலெஃபுக்கு மைக் எட்டாது என்று பார்த்த ஷுக்ரி, குனிந்து, அதை இறக்குவதற்காகக் கம்பத்தின் திருகைத் தளர்த்த ஆரம்பித்தான்.