பின்னால் போட்ட டயர்

நானூற்று இருபது ரூபாய். லட்சுமணன் எனக்குத் தரவேண்டியது அவ்வளவுதான். ஒரு சைக்கிள் டயர் விலை.

நாங்கள் ரெண்டு பேரும் திருப்போரூரிலிருந்து திருவிடந்தைப் பக்கம் கட்டட வேலைக்குச் சைக்கிளில்தான் போவோம். ரோடு போடுகிறோம் என்று ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் எட்டு மாசமாகத் திரும்பவில்லை. அவன் வண்டியில் ரெண்டு டயரும் தேய்ந்து நூல் தெரிந்தது.

சைக்கிள் கடை சதாசிவம் அகலமான டயர் ஒன்றை எடுத்துக் காட்டினார். கட்டை கட்டையாகப் பல் வைத்தது.

"ஜல்லிக்கு இதான். காத்து கொஞ்சம் கம்மியா வை, கல்லு மேல குதிக்காது. ரெண்டையும் மாத்திடு."

"ரெண்டா? வூட்டுக்கு அரிசி நீ வாங்குவியா?" என்றான் லட்சுமணன்.

ஒன்றுக்கே அவனிடம் காசில்லை. நான் கொடுத்தேன்.

"ஒண்ணுதான்னா முன்னால போடு" என்றார் சதாசிவம். நான்தான் தடுத்தேன். பின்னால்தானே பாரம்? எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். புதுசு பின்னால், பின்னால் இருந்தது முன்னால்.

"நீ சொன்னா சரிதான் மச்சான்" என்று சிரித்தான் லட்சுமணன்.

அன்றைக்கு என் பையில் வாரக்கூலி முழுசாக இருந்தது. இன்னொன்றுக்கும் கொடுத்திருக்கலாம்.

பதினோராம் நாள், சரிவில் இறங்கும்போது முன் டயர் வெடித்தது. நான் பின்னாலேயே வந்தேன். ஹேண்டில்பார் திரும்பி, அவன் தலை சிறுபாலத்துக் கல்லில் மோதியது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தான். அப்புறம் இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவன் பெண்சாதி சகுந்தலா அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன் சக்கரத்தில் டயரே இல்லை. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை நீட்டினாள்.

"வாணாம்மா."

"புடிண்ணா. டயர் காசு குடுக்கணும், குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு. கடனோட அனுப்பச் சொல்றியா அவர?"

சொல்லிவிட்டேன். பின்னால் போடச் சொன்னது நான். ரெண்டுக்கும் காசு இருந்ததையும் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்து வெறும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் கையை இழுத்துப் பணத்தை வைத்தாள்.

"நாளைலருந்து நான் இதுல வேலைக்குப் போவணும். முன்னால எது போடறதுன்னு இப்பவாவது சரியா சொல்லு."

கடைக்குப் போனோம். சதாசிவம் அதே மாதிரி இன்னொரு புது டயரை முன்னால் மாட்டினார். அந்தப் பணத்தை அப்படியே அவரிடம் கொடுத்தேன்.

"அவரு கடன் தீந்துச்சு" என்றாள் சகுந்தலா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏறி மிதித்தாள். ஜல்லி மேல் சக்கரம் குதிக்காமல் போனது. சிறுபாலம் தாண்டுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.