பொறை பாட்டிலில் கெண்டைக் குஞ்சு

கிணற்றில் பாலிடால் ஊற்றிவிட்டார்கள் என்று முதலில் சொன்னது யார் என்பது இன்றுவரை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நடவுக் கூலியைக் கூட்டிக் கேட்டு நாங்கள் வயலில் இறங்காமல் உட்கார்ந்திருந்த சமயம் அது. பண்ணையார் காயாரோகணத்தின் காரியக்காரர், பொழுது சாய்கிற நேரத்தில் கையில் தகர டின்னோடு கிணற்றடியில் நின்றாராம். பார்த்தவன் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். சாட்சி எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி நடவு நட்ட காயாரோகணம், கிணற்றில் பூச்சி மருந்தை ஊற்றமாட்டானா?

அந்தக் கிணறு எங்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. கழக ஆட்சி வந்த பிறகு மனு மேல் மனு போட்டு, தேர்தலுக்கு முந்தின கோடையில் வெட்டிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் வாய்க்கால்தான். மாடு குளிக்கும், ஆள் கால் கழுவுவான், அதையே மொண்டு குடித்தோம். கிணறு வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றது.

சங்கத் தலைவன் சவரியப்பன் நீடாமங்கலம் போய்ப் புகார் கொடுத்தான். சுகாதார ஆய்வாளர் பஞ்சநதம் சைக்கிளில் வந்தார். வாளியை மோந்து பார்த்தார், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்.

"வாடை ஒண்ணும் இல்லையேப்பா. இருந்தாலும் தஞ்சாவூருக்கு அனுப்பிப் பார்த்துடுவோம். முடிவு வர நாளாகும். சந்தேகமா இருந்தா அதுவரைக்கும் குடிக்காதீங்க."

"வேற எதைக் குடிக்கிறது சார்?" என்றான் சவரியப்பன்.

அவர் சைக்கிளில் ஏறினார். சர்க்காருக்கு வேகம் தேர்தல் சமயத்தில்தான் வரும். நாங்களே பரிசோதித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

பாலிடால் அடித்த வயலில் மறுநாள் மீன் வயிறு மேலே தெரிய மிதக்கும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அப்படியானால் கிணற்றுத் தண்ணீரில் மீனை விட்டுப் பார்த்தால் போயிற்று. டீக்கடை ஜெகபர் அலி, பொறை ரொட்டி போட்டு வைக்கிற கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். வாய்க்காலில் துண்டை விரித்து மூன்று கெண்டைக் குஞ்சு பிடித்தோம். பாட்டில் நிறையக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, சவரியப்பன் வீட்டு வாசலில் உரல் மேல் வைத்தோம். பூனை வாய் வைத்துவிடக் கூடாது என்று ஓர் அலுமினியத் தட்டைப் போட்டு இறுக்கி மூடியாயிற்று. இவ்வளவு புத்திசாலித்தனமாக நாங்கள் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை.

சவரியப்பன் பெண்டாட்டி அக்னஸ் யாரையும் பட்டினி போடத் தெரியாதவள். வேலை நிறுத்தத்தில் எல்லா அடுப்பும் ஒருவேளைதான் எரிந்தது. அன்று சாயங்காலம் தன் கஞ்சியிலிருந்து ஒரு பிடி பருக்கையைப் பிசைந்து பாட்டிலுக்குள் போட்டாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் மகள் பிலோமிக்கு நாலு வயது. மீன் பருக்கையைக் கொத்துவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் வெளுத்திருந்தது. மூன்று மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. உச்சிப்பொழுதுக்குள் மூன்றும் மிதந்தன. பாலிடாலைத் தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும், மருந்து அடித்த கைகளுக்கு அது தெரியும். பிறகென்ன சந்தேகம்? கிணற்றில் தெளிவாகக் கிடக்கிற தண்ணீர் பாட்டிலுக்குள் வந்ததும் ஏன் வெளுக்கிறது என்று கேட்க எங்கள் தெருவில் ஒரு தலைகூட இல்லை. மனசு கேட்காமல் வேறு மீன் பிடித்து இன்னொரு தடவையும் பார்த்தோம். அக்னஸ் அதுகளுக்கும் சோறு போட்டாள். அதுகளும் செத்தன.

சவரியப்பன் கருவை முள்ளை வெட்டிவந்து கிணற்றை மூடினான். "காயாரோகணம் கையால சாகறதுக்கு வாய்க்கால் தண்ணி மேல்" என்றான். நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழையபடி வாய்க்காலுக்குப் போனோம். காய்ச்சிக் குடிக்கலாம்தான். கஞ்சி காய்ச்சவே விறகு இல்லை.

ஐந்து பேருக்கு வாந்தி பேதி கண்டது. நாலு பேர் பிழைத்துக்கொண்டார்கள். பிலோமி விடிந்ததிலிருந்து வாந்தி எடுத்தது. மத்தியானம் அழுவதற்கும் குரல் இல்லை. மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். பாதி வழியில் அக்னஸ் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வண்டிக்காரன் மாட்டைத் திருப்பிவிட்டான்.

பிலோமியைப் புதைத்த மறுவாரம் பஞ்சநதம் தஞ்சாவூர் முடிவோடு வந்தார். முள்ளை அகற்றச் சொன்னார்.

"கிணத்துத் தண்ணியில மருந்து கிருந்து ஒண்ணும் இல்ல. சுத்தமான தண்ணி. வாய்க்கால்லதான் பேதிக் கிருமி கெடக்கு."

"மீன் செத்துச்சே சார்" என்றான் சவரியப்பன். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. விஷம் இருந்தது என்று அவர் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே வேண்டிக்கொண்டு நின்றோம். விஷம் இருந்தால் காயாரோகணம் கொலைகாரன். இல்லையென்றால் அந்தப் பிள்ளை எதற்காகச் செத்தது?

பஞ்சநதம் பாட்டிலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"இத்தனூண்டு பாட்டில், மேல மூடி வேற. மீனுக்கும் மூச்சு வேணும்ப்பா. அது கழிக்கிறது, தின்னு மிஞ்சினது எல்லாம் அதுக்குள்ளயேதான கெடந்து அழுகும்? ஓடுற தண்ணி மீனு இதுல தாங்காது. தீனி ஏதும் போட்டீங்களா?"

அவர் பாட்டிலைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"சோறு போட்டீங்களா?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்னஸ் எழுந்து நின்றாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"போட்டோம் சார்" என்றான் சவரியப்பன்.

"அதான். சோறு புளிச்சுத் தண்ணி வெளுத்திருக்கும். வேற எதுவும் இல்ல. யாரு போட்டது?"

"நான்தான் சார் போட்டேன்" என்றான் சவரியப்பன்.

அந்த இரண்டு சாயங்காலமும் அவன் சங்க ஆபீசில் இருந்தான். அது தெருவுக்கே தெரியும், அக்னஸுக்கும் தெரியும். அவள் மெதுவாக நடந்து அவன் எதிரில் வந்து நின்றாள். இல்லை, நான்தான் போட்டேன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தோம்.

"ஏன் போட்டீங்க?" என்று கேட்டாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"பாவமா இருந்துச்சு அக்னஸு."

அக்னஸ் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தாள். என் பிள்ளையைக் கொன்னுட்டீங்களே என்று கத்திக் கத்தி அடித்தாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நாங்களும் யாரும் போய் விலக்கவில்லை.