ஓடைச் சரிவில் கூடிய நீதிமன்றம்

நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டத்தின் தலைநகரை ரஸ்ட்டனிலிருந்து மில்பருக்கு மாற்றுவதென்று 1886 தேர்தலில் முடிவானது. ரஸ்ட்டன்காரர்கள் முரண்டு பிடிப்பதற்குள் மில்பர் ஆட்கள் நீதிமன்றத்தையே பெயர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு மாடி மரக்கட்டிடம். அடியில் உருளைக்கட்டைகள், முன்னால் முப்பது ஜோடி எருதுகள். சில என்னுடையவை.

சனிக்கிழமை மாலை ஓடைச் சரிவில் கட்டைகள் சேற்றில் புதைந்தன. மில்பர் எல்லைக்கு இன்னும் அரை மைல்.

என் தங்கை லவீனா சேற்றில் இறங்கி வந்தாள். திங்கட்கிழமை அவள் வழக்கு. குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் கிளெமைப் பிரிந்து, மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தாள். நீதிமன்றம் இந்தக் கட்டிடத்தில், மில்பர் எல்லைக்குள் கூட வேண்டும் என்பது உத்தரவு. கூடாவிட்டால் வழக்கு வசந்தத்துக்குத் தள்ளிப்போகும். அதற்குள் பிள்ளையை ஓரிகனுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று கிளெம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"ஆம்ப்ரோஸ் அண்ணே, நாளைக்கும் இழுத்தா கரையேறிடும்ல?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை தாயி. மாட்டப் பூட்டமாட்டோம்."

"ஞாயிறுன்னு மாட்டுக்குத் தெரியுமா?"

"மாட்டுக்குத் தெரியாது. எம் பொண்டாட்டிக்குத் தெரியும்."

ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"மில்பர் எல்லைன்னு நாலு முளைதான அடிச்சிருக்கீங்க? பத்திரம்கூட இன்னும் பதியல. முளையப் பிடுங்கி இந்தப் பக்கம் அடிங்க."

ஆம்ப்ரோஸ் புகையிலையைத் துப்பினார். "அது வேலைல சேராது. பிரசங்கம் முடிஞ்சு காலாற நடந்த கணக்கு."

மறுநாள் தேவாலய உடுப்போடு போய், இரண்டு முளைகளைப் பிடுங்கி ஓடைக்கு இந்தப் பக்கம் அடித்தோம்.

திங்களன்று சாய்ந்த தரையில் நீதிமன்றம் கூடியது. கிளெமின் வக்கீல் எழுந்தார். "ஐயா, போன வாரம் எல்லை அரை மைலுக்கு அப்பால இருந்துச்சு."

"இன்னைக்கு எங்க இருக்கு?" என்றார் நீதிபதி.

"இங்கதான் ஐயா. ஆனா..."

"அப்ப உக்காருங்க."

வக்கீல் உட்கார்ந்ததும் நாற்காலி சுவர்வரை சறுக்கிப் போனது. மதியத்துக்குள் பிள்ளை தாயிடம் என்று தீர்ப்பானது. கிளெம் தனியாக ரயிலேறினான்.

பனி விழுந்துவிட்டதால் கட்டிடத்தை நகர்த்தவே முடியவில்லை. பிறகு மணற்கல்லில் சுவரும் கோபுரமுமாகப் புது நீதிமன்றத்தையும் அங்கேயே எழுப்பினார்கள். வருஷாவருஷம் நிலவறையில் ஓடைத் தண்ணீர் புகுகிறது. கடைத்தெருவிலிருந்து அரை மைல் நடக்க வைத்தவள் என்று லவீனாவை இன்றும் ஏசுகிறார்கள்.

"நடங்க, கால் ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்று சொல்லிவிட்டு, மகளோடு துணி காயப்போடப் போய்விடுவாள்.