சிவப்புப் பையோடு ஓடி வருபவள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பெஞ்சமின், அயர்லாந்தில் யாராவது ஒருவருக்கு அடிபட வேண்டும் என்று காத்திருப்பார். பெரிய அடி வேண்டாம். முழங்கால் பிசகினால் போதும், விரலில் மட்டை பட்டாலும் போதும். ஆட்டக்காரன் தரையில் உட்கார்ந்தால்தான் கோட்டுக்கு வெளியே நிற்கும் அவருடைய மகள் கிளாரிஸ் சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வருவாள். உள்ளே வந்தால்தான் கேமராவில் தெரிவாள்.

கிளாரிஸ் அவரோடு பேசுவதை 2022-ஆம் ஆண்டு மே மாதத்தோடு நிறுத்திவிட்டாள்.

பினாங்கில், பாயான் பாரு அடுக்குமாடியில் ஏழாவது மாடி அவர் வீடு. பக்கத்திலிருந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கிளாரிஸ் ஒரே மகள். அயர்லாந்தில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசி வருஷத்தில் இருந்தபோது அவர் மனைவி அமலம்மாளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அது பிப்ரவரி. பரீட்சை மே மாதம்.

மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று பெஞ்சமின்தான் முடிவெடுத்தார். வீடியோவில் பேசும்போது அமலம்மாள் தலையில் துணி சுற்றிக்கொண்டாள். காய்ச்சல் என்றாள். பிறகு வீடியோ வேண்டாம் என்று வெறும் குரலில் பேசினாள். ஏப்ரல் கடைசியில் அவளே கேட்டாள்.

"பிள்ளையக் கூப்பிடுங்க. எனக்குப் பாக்கணும்."

"இன்னும் ரெண்டு பேப்பர்தான் அமலா. முடிச்சிட்டு வந்துரட்டும்."

அந்த இரண்டு பேப்பர் முடிவதற்குள் அமலம்மாள் போய்விட்டாள். கிளாரிஸ் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. விமான நிலையத்திலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வீட்டுக்கு வந்ததும் நின்றபடியே கேட்டாள்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டா."

"எத்தனை தடவை?"

அவர் அவளுடைய பெட்டியை எடுத்து அறைக்குள் வைத்தார். நாலாம் நாள் அவள் கிளம்பினாள். பிறகு அவர் அழைப்பை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளுடைய எண்ணே இல்லாமல் போனது.

ஒரு வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு யுகேந்திரன் ஃபேஸ்புக்கில் ஒரு படத்தைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்தான். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவன். ஐம்பது வயதாகியும் பெஞ்சமினை விடாமல் அண்ணே என்று கூப்பிடுவான்.

"அண்ணே, இது நம்ம கிளாரிஸ் தானே? ஓரத்துல பாருங்க."

பச்சையும் வெள்ளையும் போட்ட இளைஞர்கள் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் பெரிய மழை அங்கியில் கிளாரிஸ். படிப்பு முடித்து டிப்பரரி என்னும் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள் என்றும், அங்கே கில்வார்னா என்ற சின்ன ஊரின் ஹர்லிங் அணிக்கு ஓய்வு நாட்களில் பிசியோவாகப் போகிறாள் என்றும் அந்தப் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். அணியின் ஆட்டங்களை யாரோ ஒருவர் இரும்புச் சாரத்தின் மேல் ஏறி நின்று ஒற்றைக் கேமராவில் நேரடியாக ஒளிபரப்பினார். அங்கே நண்பகல், இங்கே மாலை ஏழு மணி.

முதல் ஆட்டத்தில் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பதினைந்து பேர் ஒரு பக்கம், பதினைந்து பேர் மறுபக்கம். கையில் அடி அகன்ற மர மட்டை. பந்தை மட்டையில் ஏந்திக்கொண்டு ஓடினார்கள், ஓடிக்கொண்டே அடித்தார்கள். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று.

"இது என்னண்ணே, ஆக்கிக்கும் சண்டைக்கும் பொறந்த பிள்ளை மாதிரி இருக்கு," என்றான் யுகேந்திரன். அவன் இங்கிலாந்துக் கால்பந்து ரசிகன். "இவனுங்களுக்கு எவ்ளோ சம்பளம்?"

"சம்பளமே இல்லையாம் தம்பி."

"பொய் சொல்லாதீங்க லா."

உண்மைதான். பெஞ்சமின் எல்லாவற்றையும் தேடிப் படித்தார். ஆட்டக்காரர்கள் பள்ளிக்கூட வாத்தியார்கள், மாடு வளர்ப்பவர்கள், மின்சார வேலை செய்பவர்கள். ஒவ்வொரு பங்குக்கும், அதாவது ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த ஊருக்கும், ஓர் அணி. பிறந்த பங்குக்குத்தான் ஆடுவார்கள். அவர்களில் தேர்ந்தவர்களைக் கவுண்டி எடுத்துக்கொள்ளும். கவுண்டிக்கு ஆடிவிட்டு பிறகு தங்கள் பங்குக்கு வந்து அண்ணன் தம்பிகளோடு ஆடுவார்கள். பங்கு என்ற சொல் பெஞ்சமினுக்குப் பிடித்துப்போனது. மகள் ஏதோ ஒரு பங்கில் இருக்கிறாள் என்பதே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

மகளைப் பார்க்கத்தான் ஆரம்பித்தார். ஆனால் மாதங்கள் போகப் போக ஆட்டமும் அவரைப் பிடித்துக்கொண்டது. கில்வார்னாவின் கோல்காரர் பந்தை எந்தப் பக்கம் அடிப்பார் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார். நடுவரைத் திட்டினார். ஆறாம் எண் டொனல், நடுத் தடுப்பாட்டத்தில் நிற்பவன், அவருக்கு மிகவும் பிடித்தவன். சிவந்த தாடி, குட்டையான உடம்பு. அவன் பந்தைப் பிடித்துவிட்டால் பெஞ்சமின் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்.

அந்த டொனலுக்குத்தான் அடிபட்டது. 2024 ஆகஸ்ட், சாம்பியன்ஷிப்பின் இரண்டாவது ஆட்டம். இருவர் மோதியதில் அவன் பின்னந்தலை அடிபட விழுந்து அசையாமல் கிடந்தான். சிவப்புப் பை ஓடி வந்தது. கிளாரிஸ் மண்டியிட்டாள். அவன் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை பதினொரு நிமிஷம் அப்படியே இருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. கேமராக்காரர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பெஞ்சமின் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முடியை வெட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். தாயைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவர் மகளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று நினைத்தார். நினைத்த மறுகணமே உடம்பு கூசியது.

அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார்.

"ஒருத்தனுக்கு அடிபடணும்னு ஆசைப்பட்டேன் சாமி."

"அவன்மேல உங்களுக்குக் கோபமா?"

"இல்ல சாமி. நல்ல பையன்."

பிறகு முழுவதையும் சொன்னார். "அந்தப் பையனுக்காக வேண்டிக்குங்க. எப்படி இருக்கான்னு விசாரிச்சு ஒரு வார்த்தை எழுதுங்க," என்றார் சாமியார்.

அப்படித்தான் கில்வார்னா அணியின் செயலாளர் மோராவுக்கு அவர் முதன்முதலாக எழுதினார். ஆறாம் எண் எப்படி இருக்கிறார்? பினாங்கிலிருந்து பெஞ்சமின். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. டொனல் பிழைத்துக்கொண்டான், இந்த வருஷம் ஆட முடியாது, அவ்வளவுதான். மலேசியாவிலிருந்து எங்களைப் பார்க்கிறீர்களா? எப்படி? சும்மா, தற்செயலாக, என்று எழுதினார் பெஞ்சமின். அதன்பின் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இருவரும் இரண்டு வரி எழுதிக்கொண்டார்கள்.

வருஷக் கடைசியில் அணியின் பக்கத்தில் மோரா ஒரு வாழ்த்துப் போட்டாள். எல்லாரையும்விடத் தூரத்திலிருந்து பார்க்கும் எங்கள் ரசிகர், பினாங்கு பெஞ்சமினுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். யுகேந்திரன் அதை நாலு பேரிடம் காட்டினான். பெஞ்சமினுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் அது உறைத்தது. கிளாரிஸ் இதைப் படிப்பாளே.

பிப்ரவரியில் லீக் ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்தில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பையோடு ஓடி வந்தவள் உயரமான வேறொரு பெண். இரண்டாவது ஆட்டத்திலும் அவள்தான். மூன்றாவது ஆட்டத்திலும்.

"லீவுல இருப்பா அண்ணே," என்றான் யுகேந்திரன்.

"மூணு வாரமாவா?"

மோராவிடம் கேட்க அவருக்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. புது பிசியோ வந்திருக்கிறாரா என்று, ஏதோ அணியைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார். ஆமாம், பழையவள் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டாள், கோடையிலிருந்தே அந்த வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள், எங்களுக்குப் பெரிய இழப்பு, என்று மோரா எழுதினாள். அடுத்த வரியில் கேட்டிருந்தாள்: அவளும் உங்கள் ஊர்தான், கிளாரிஸ் பெஞ்சமின் என்று பெயர், நீங்கள் சொந்தமா?

பெஞ்சமின் இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு நடமாடினார். கோயிலுக்குப் போனார், பாசாருக்குப் போனார், மீன் வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமலே நடந்து வந்து திரும்ப ஓடினார். மூன்றாம் நாள், நான் அவளுடைய அப்பா, என்று எழுதினார்.

நாலு நாள் பதில் இல்லை. பிறகு நீளமாக வந்தது. யுகேந்திரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படித்தார். தன் பெற்றோர் இருவரும் இறந்துவிட்டார்கள் என்று கிளாரிஸ் எங்களிடம் சொல்லியிருந்தாள். இதை உங்களிடம் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன். நீங்கள் அவள் அப்பாதான் என்று ஒப்புக்கொண்டாள். உங்களுக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஏதாவது எழுதினால் அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.

"கோவத்துல சொல்லியிருப்பா லா, அண்ணே," என்றான் யுகேந்திரன்.

"கோவத்துல ஒரு நாள் சொல்லலாம் தம்பி. ஊரு பூரா இத்தனை வருஷமாச் சொல்லியிருக்கா."

கடிதத்தைத் தமிழிலேயே எழுதினார். கிளாரிஸ் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள். மோராவால் அதைப் படிக்க முடியாது என்பதும் அவருக்கு வசதியாக இருந்தது. பல தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு மிஞ்சியது இவ்வளவுதான்.

"கிளாரிஸ், எத்தனை தடவை என்று கேட்டாய். கடைசிப் பதினேழு நாளும் அம்மா தினம் கேட்டாள். கடைசி நாளில் வாயால் கேட்க முடியவில்லை, போனைக் கையால் காட்டினாள். நான்தான் கூப்பிடவில்லை. உன் படிப்பு கெடக் கூடாது என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. உன்னைக் கூப்பிட்டால் அவள் போகப்போகிறாள் என்பது உறுதியாகிவிடும் என்று பயந்தேன். மன்னிப்பு கேட்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆட்டங்களைப் பார்த்தது உன்னை வேவு பார்க்க அல்ல. டொனல் தலையை நீ பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். அம்மா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்."

ஏப்ரலில் அனுப்பினார். ஜூன் மாதம்தான் மோராவிடமிருந்து செய்தி வந்தது. கிளாரிஸ் படித்துவிட்டாள். இப்போது எழுத முடியாது என்கிறாள். ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். அம்மா கல்லறைக்குக் கல் வைத்தாயிற்றா?

வைக்கவில்லை. வருஷம் திரும்பியதும் வைத்திருக்க வேண்டியது. மகள் வரட்டும், அவள் கையால் வைக்கட்டும் என்று தள்ளிப்போட்டே மூன்று வருஷம் ஓடிவிட்டது. பெயர் எழுதிய மரச் சிலுவை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. அன்றே போய்க் கல்லுக்குச் சொன்னார். அது வர இரண்டு மாதமாகும் என்றார்கள்.

அதற்கிடையில் ஜூலையில், டிப்பரரி அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. இடைவேளையில் ஆறு புள்ளி பின்தங்கியிருந்த அணி, பிற்பாதியில் எதிரணியை ஓட ஓட விரட்டிக் கோப்பையை வாங்கியது. யுகேந்திரன் எழுந்து கத்தினான். பெஞ்சமின் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் எந்த ஊர் என்று தெரியாது, அங்கே என்ன மணியோ. ஆனால் கிளாரிஸ் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் சந்தோஷப்பட்ட ஒரு விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்டில் கல் வந்தது. கறுப்புக் கிரானைட். கணவர் பெயரும் மகள் பெயரும் அடியில் இருந்தன. யுகேந்திரனின் வேனிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றித் துடைத்துப் படமெடுத்தார்கள். படத்தை மோரா கிளாரிஸுக்கு அனுப்பிவைத்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. வேறெதுவும் வரவில்லை. செப்டம்பர் முழுவதும் பெஞ்சமின் காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பார். பிறகு முகம் கழுவப் போவார்.

கில்வார்னா அந்த வருஷம் யாரும் எதிர்பாராமல் தன் பிரிவின் கவுண்டி இறுதி ஆட்டத்துக்குப் போனது. அக்டோபர், இரவு எட்டு மணி. யுகேந்திரன் கோப்பி வாங்கி வந்தான், கூட வேலை செய்யும் இரண்டு பேரையும் கூட்டி வந்தான். டொனல் திரும்பி வந்து ஆறாம் எண்ணில் நின்றான். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அறுபது மீட்டரிலிருந்து டொனல் அடித்த பந்து கம்பத்தின் வெளிப்பக்கமாகப் போனது. நடுவர் ஊதினார்.

டொனல் மட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தினான். அவன் அப்பாவாக இருக்க வேண்டும், தொப்பி போட்ட ஒரு பெரியவர் வேலியைத் தாண்டிப் போய் அவன் முதுகில் கை வைத்தார்.

பெஞ்சமின் அழுதார். அமலம்மாளை அடக்கம் செய்த அன்றுகூட அவர் இப்படிச் சத்தமாக அழுததில்லை. வந்திருந்த இருவரும் சங்கடப்பட்டு எழுந்து வெளியே போனார்கள்.

"ஒரே ஒரு பாயிண்ட் லா அண்ணே," என்றான் யுகேந்திரன். "அடுத்த வருஷம் பாருங்க."

"பாக்கத்தான் போறேன்," என்றார் பெஞ்சமின்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். டொனல் நன்றாக ஆடினான் என்று அவனிடம் சொல்லுங்கள், என்று மோராவுக்கு எழுதினார். கிளாரிஸைப் பற்றி அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.