பட்டம்மாள் நம்பர்

ஏழாம் பிளாக்கில் அறுபத்து நாலு வீடு. இஷ்ரத்தின் கணினித் திரையில் அந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. வெள்ளமோ ஆலைக் கசிவோ, எது வந்தாலும் எங்கே எத்தனை படகு, எத்தனை சாப்பாடு என்பதை இந்தப் புள்ளிகளை எண்ணித்தான் அனுப்புவார்கள்; எச்சரிக்கையும் ஒவ்வொரு புள்ளியின் போனுக்குத்தான் போகும். ஆக, எர்ணாவூரின் அந்தப் பிளாக் மொத்தத்துக்கும் ஒரு வீட்டுச் சோறு.

தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் டேப்லெட்டோடு மாடி மாடியாக ஏறிக் கணக்கெடுத்ததே அவள்தான். முதல் வீட்டில் ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். அடுத்த வீட்டிலும் அதே நம்பர். மூன்றாவது மாடி ஏறும்போது வாங்கிய மூச்சில், ஏன் என்று கேட்கிற எண்ணமே போய்விட்டது. ஒரே நம்பர் என்றால் ஒரே வீடு என்று மென்பொருள் மீதி அறுபத்து மூன்றையும் கமுக்கமாக விழுங்கிவிட்டது. இன்று நாலு மணிக்கு இந்த வீட்டுப் பட்டியலைப் பூட்டிவிடுவோம், அப்புறம் மழைக்காலம் முடிகிறவரை கைவைக்க முடியாது என்றார் இன்ஜினியர் செங்குட்டுவன். அவள் ஓடிப்போய் ஷேர் ஆட்டோவைப் பிடித்தாள்.

நம்பருக்குச் சொந்தக்காரியான பட்டம்மாள் கீழ்வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்சமும் அசரவில்லை.

"தண்ணி லாரிக்காரன் எனக்குத்தான் போன் அடிப்பான். நான் கேட்டைத் தட்னா அல்லாரும் எறங்கிடுவாங்க. வேற நம்பரு இன்னாத்துக்கு கண்ணு?"

இஷ்ரத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதவு கதவாகத் தட்டிப் பார்த்தாள். பாதி வீட்டில் மத்தியானத் தூக்கம், மீதி வீட்டில் டி.வி. சத்தம். மூன்று மணிக்கு ஒன்பது நம்பர்தான் தேறியிருந்தது. வேறு வழியில்லாமல் கீழே வந்து, லாரி வந்தால் தட்டுகிற மாதிரி ஒரு தடவை தட்டச் சொல்லிக் கெஞ்சினாள்.

பட்டம்மாள் யோசித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பொய்யாகத் தட்டியதே கிடையாது. பிறகு கரண்டியை எடுத்து இரும்புக் கேட்டில் நாலு போடு போட்டாள்.

நாலே நிமிஷம். பச்சை, நீலம், ஆரஞ்சுக் குடங்களோடு பிளாக்கே இறங்கி, வீட்டு எண் வரிசையில் நின்றுவிட்டது. லாரி நிற்கிற இடத்தில் டேப்லெட்டோடு இஷ்ரத் நின்றாள். லாரியைக் காணாமல் அவர்கள் வாயில் வந்த வசவெல்லாம் பட்டம்மாளுக்குத்தான் விழுந்தது. அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"வூட்டுக்குள்ள தண்ணி வர்ற அன்னிக்கு லாரி வராது, படகு வரணும். ஆளுக்கொரு நம்பரைக் குட்த்துட்டுப் போங்க."

வரிசை முனகிக்கொண்டே நகர்ந்தது. கடைசி வீட்டு ரமாபாய் நம்பரைச் சொல்லி முடித்தபோது நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. அறுபத்து நாலு புள்ளியும் வந்துவிட்டது, சரிபார்க்க இப்போதே ஒத்திகை எச்சரிக்கை அனுப்புகிறேன் என்று செங்குட்டுவன் போனில் சொன்னார். இஷ்ரத்துக்கு அப்போதுதான் கால்வலி தெரிந்தது.

மடியிலும் இடுப்பிலும் குடத்துக்குள்ளும் இருந்த போன்களெல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன. யாரும் போனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் பட்டம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கரண்டியை எடுத்தாள்.