திங்கட்கிழமை வெளிச்சம்

இப்படியொரு மழையை அந்தத் தெரு பார்த்ததில்லை. விட்டேனா பார் என்று வாரம் முழுக்க ஊற்றியது. துணி காயவில்லை, சுவர் காயவில்லை, மனிதர்களும் காயவில்லை.

“மேல யாரோ குழாயைத் திறந்து விட்டுட்டுத் தூங்கிட்டாங்கடா” என்றாள் அக்கா, இடது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடி. பேசினால் வலிக்கும். அதற்காகப் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை அவள். கட்டி தாடையெலும்புக்குள் இறங்கிவிட்டது. நாளைக் காலை அந்தப் பக்கத் தாடையை எடுக்கிறார்கள். இன்று மாலைக்குள் மருத்துவமனையில் சேர்ந்துவிட வேண்டும்.

தம்பியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அறுவைக்கு நாள் குறித்த அன்று சொன்னாள்: “இந்த மூஞ்சியை ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் குடுடா. போன்ல எடுத்தா மாவு பிசைஞ்சு வச்ச மாதிரி இருக்கு.”

தம்பி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். சம்பளத்துக்கு அது, உயிரோடு இருப்பதற்கு ஒரு பழைய பிலிம் கேமரா. மார்பருகே பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து மேலிருந்து கண்ணாடிக்குள் பார்க்கிற வகை. படத்தைக் கழுவுவதும் அவனேதான், மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத சாமான் அறையில்.

கையிலிருந்தது ஒரே ஒரு பிலிம் சுருள். வெயிலுக்கென்றே செய்தது. வெயிலில் ஒவ்வொரு முடியையும் எண்ணிக் காட்டும். மேகம் மூடினால் அரைக் குருடு. மங்கலிலும் படம் பிடிக்கிற வேகமான சுருள் ஒன்று வாங்கலாமென்றால் கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். மொட்டைமாடியின் வெள்ளைச் சுவர், சாயும் வெயில், அக்காவின் முகம் என்று அவன் மனத்துக்குள் படத்தை எடுத்து, கழுவி, மாட்டியும் விட்டான். வெயில்தான் வரவில்லை.

தினமும் காலையில் சுருளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பான். மாலையில் மறுபடி உள்ளே வைப்பான். சில்லென்று இருக்கும் சுருளை உடனே பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்துவிடும். பிலிமைத் தொட்டவன் எவனும் முதலில் படிக்கிற பாடம் இது.

அக்காவின் கணவர், மாமா, வாடகைக் கார் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ள, அலை ஓய்ஞ்சப்புறம் கடல்ல குளிக்கலாம்னு உட்கார்ந்திருக்கியா?”

“வெயில் வரும் மாமா.”

“வரும் வரும். அப்ப உங்கக்கா இருக்க மாட்டா.”

“வீட்டுல இருக்க மாட்டான்னு சொல்ல வந்தேன்” என்று அவசரமாகச் சேர்த்தார் மாமா.

அக்கா சிரித்துவிட்டு, சிரித்ததற்குத் தண்டனையாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “தாடை போனா பேச்சு குறையும்னு இந்த மனுஷன் உள்ளுக்குள்ள குதிக்கிறார்டா. ஏமாந்து போகப் போறார். எழுதிக் காட்டியாவது திட்டுவேன்.”

இன்று காலை தம்பி சுருளை வெளியே எடுக்கவில்லை. வானத்தைப் பார்த்தான், ஃபிரிட்ஜைத் திறக்காமல் திரும்பினான். பையில் துண்டும் மாற்றுத்துணியும் அடுக்கியாயிற்று. மாமா காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பார்த்து மழை நின்றது. சமையலறைத் தரையில் மஞ்சளாக ஒரு கட்டம் விழுந்தது. அவன் அதை முட்டாள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். வெயில்!

“அக்கா, மாடிக்குப் போ! ஓடு!”

“ஓடவா? இரு, தலையைச் சீவிக்கிறேன்.”

“சீவ வேணாம், போ!”

ஃபிரிட்ஜைத் திறந்தான். சுருள் பனிக்கட்டி போலக் கையைக் கடித்தது. பொறுத்தால் பிலிம் பிழைக்கும், வெயில் போகும். பதறாத காரியம் சிதறாது என்பதெல்லாம் நாளையும் மறுநாளும் உள்ளவனுக்கு. உறையைக் கிழித்தான். ஈரக்காற்று பட்டதும் சுருள் அவன் கண்ணெதிரேயே முத்து முத்தாக வியர்த்தது. சட்டை நுனியில் துடைத்தான். மறுபடி வியர்த்தது. அப்படியே கேமராவில் மாட்டிக்கொண்டு படியேறினான்.

அக்கா வெள்ளைச் சுவரருகே நின்றிருந்தாள். அவன் குனிந்து பார்த்தான். அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். இடக்கன்னத்து வீக்கம் வலக்கன்னத்தில் இருந்தது. ஒரு கணம் அது வேறு யாரோ போலிருந்தது. அந்த ஒரு கணம் அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு படம் எடுத்தான். பிலிமை நகர்த்தும் கைப்பிடியைச் சுற்றினான். இரண்டாவது. மறுபடி சுற்றியபோது கைப்பிடி பாதியில் நின்றது. பிலிம் ஈரத்தில், அதோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அழுத்தினான். உள்ளே ஏதோ கிழிந்தது.

வெயில் சுவரிலிருந்து நழுவியது. முதல் துளி கேமராவின் மேல் விழுந்தது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. அசையாம நில்லு.”

“நின்னுட்டுதான் இருக்கேன். நீதான் நடுங்கற.”

அவன் கைப்பிடியோடு மல்லுக்கட்டினான். மழை பிடித்துக்கொண்டது. அக்கா சுவரை விட்டு நகரவில்லை. சீவாத தலையிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கி, வீக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

“திங்கட்கிழமை ஜன்னல்கிட்ட வந்து உட்கார்ந்தேன், ஞாபகம் இருக்கா? நல்ல வெளிச்சம். நான் படிச்சிட்டிருந்தேன், எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது. எடுடான்னேன்.”

“அது போதாதுக்கா. இந்த பிலிமுக்கு…”

“ஸ்டாண்டுல வச்சு ஷட்டரைக் கொஞ்ச நேரம் கூடத் திறந்து வச்சா போதும்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?”

அவன் கைப்பிடியை விட்டான். சொல்லிக்கொடுத்தது உண்மை.

“வீக்கம் வந்ததிலிருந்து நீ என் நெத்தியைப் பார்த்துப் பேசற. மழை மேல பழியைப் போடாத. பாவம் அது” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

முதல் இரண்டு படமாவது பிழைத்திருக்கும். இன்னும் ஒட்டாத பகுதியாக இருக்கும். உடனே பிரித்துக் காயவைத்தால் கிடைக்கும். அவன் சாமான் அறைக்குள் பாய்ந்து, கதவைச் சாத்தி, அடியில் சாக்கைத் திணித்தான். கும்மிருட்டு. கேமராவைத் திறந்தான். காகிதத்திலிருந்து பிலிமை உரித்தான். காயத்திலிருந்து கட்டுத்துணியைப் பிரிக்கிற சத்தம் வந்தது. விரலில் பசை.

வெளியே ஹாரன் கேட்டது.

“மாப்ள! ரோட்டுல தண்ணி ஏறுது, இப்ப விட்டா வண்டி போகாது!”

“ஒரு நிமிஷம் மாமா!”

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

“டேய், நான் கிளம்பறேன். வெளிய வா.”

“திறக்காதக்கா! வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்!”

“படத்தை விடு. நான் நிக்கிறேன் இங்க. பேசறேன்ல, இந்த வாயால. வந்து பாரு.”

அவன் விரல்கள் நின்றன. இன்னும் ஒரு சாண் உரிக்க வேண்டும். அந்த ஒரு சாணில்தான் அவள் இருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கமும் அவள், அந்தப் பக்கமும் அவள்.

“இதோ வந்துட்டேன், இதோ…” என்று சொல்லிக்கொண்டே உரித்தான். இருட்டில் பிலிம் குறுக்கே கிழிந்தது. எங்கே கிழிந்தது என்று தெரியவில்லை.

கதவுக்கு வெளியே காலடிகள் விலகிப் போயின. கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

அவன் சாக்கை உதைத்துத் தள்ளிக் கதவைத் திறந்தான். வெளிச்சம் பிலிம் முழுக்க விழுந்தது. அதைக் கையில் பிடித்தபடியே, செருப்பில்லாமல், தெருவில் இறங்கி ஓடினான். முழங்காலளவு தண்ணீர் காலை இழுத்தது. “அக்கா” என்று கத்தினான். மழை அதைத் தின்றது. முன்னால் காரின் சிவப்பு விளக்கு போய்க்கொண்டே இருந்தது. தெருமுனையில், தண்ணீரில் இறங்கத் தயங்கி நின்ற லாரிக்குப் பின்னால் அது நின்றது.

கண்ணாடியைத் தட்டினான். இறங்கியது. அக்கா அவன் கையில் தொங்கியதைப் பார்த்தாள்.

“போச்சா?”

“போச்சு.”

“ஏறு. சீட்டை நனைச்சா உங்க மாமா என்னைத்தான் திட்டுவார்.”

ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். சொட்டச் சொட்ட அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியிலிருந்து கண்ணை இழுத்துக் கீழே கொண்டுவந்து, வீங்கிப் பளபளத்த அந்தக் கன்னத்தில் நிறுத்தினான். கண்ணை எடுக்கவில்லை.

“வலிக்குதா?” என்று கேட்டான். இத்தனை நாளில் அவன் கேட்காதது அது.

“ரொம்ப” என்றாள் அக்கா.

லாரி நகர்ந்தது. மாமா கியரைப் போட்டார்.