கோணல் கேரட்டும் நேரான மனுஷரும்

என் வீட்டுக்காரருக்குக் கோணல் என்றாலே ஆகாது. கொடியில் காயும் துண்டு கொஞ்சம் சரிந்திருந்தாலும் இழுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் வயலில் இந்த வருடம் விளைந்த கேரட்டைப் பார்க்கணுமே! அடிமண்ணில் கல். அதனால் ஒன்றுக்கு இரண்டு கால் முளைத்திருந்தது, இன்னொன்று பக்கத்தில் இருந்ததைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. மொத்த வியாபாரி பெட்டியை எட்டிப் பார்த்ததோடு சரி. "எல்லாம் கழிசல்" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

இவர் உடனே டிராக்டர்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டார், பறிக்காமல் கிடக்கும் பாதி வயலைத் திங்கட்கிழமை அப்படியே உழுதுவிடலாம் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியது யார், களை பறித்தது யார்? நான்!

"ருசியில என்ன கோணல் இருக்கு? ஒரே ஒரு தடவை நாமளே ஜனங்ககிட்ட கொண்டு போய் வித்துப் பார்ப்போம். போணியாகலன்னா உழுதுக்குங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா? வாயைத் திறக்க மாட்டியா?" என்று சிரித்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் நாத்தனார் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அங்கே உள்ளவர்களின் வாட்ஸப் குழுவில், "கோணல் கேரட், வயல்ல இருந்து நேரா நம்ம வாசலுக்கு" என்று போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வேனை நிறுத்தும்போதே பையும் கையுமாக ஆட்கள் நின்றார்கள்.

பெட்டிகளைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றிலும் மேலே அழகழகாக, நேர்நேராகக் கேரட்.

"இதைத்தான் கடையில தினமும் பாக்குறோமே, கோணல் எங்க?" என்றார், கழுத்தில் அளவு நாடாவோடு முன்னால் நின்ற ஒரு தையல்காரம்மா. பின்னால் இரண்டு பேர் திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று பல்லைக் கடித்தேன்.

"நாலு பேர் பாக்குற இடத்துல கழிசலையா மேல வைக்கிறது? இருந்த நல்லதைப் பொறுக்கி மேல அடுக்கிட்டேன். கைப்பழக்கம்."

காலமெல்லாம் சந்தைக்கு அடுக்கிய கை, வேறென்ன செய்யும்! நான் ஒரு பெட்டியைத் தூக்கித் தார்ப்பாயில் கவிழ்த்தேன். அடியில் கிடந்த கோணல்கள் எல்லாம் உருண்டு வந்தன. தையல்காரம்மா இரண்டு கால் கேரட் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்கு நான் ஒரு பேன்ட் தைக்கணும் போலிருக்கே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். அப்புறம் ஒரே அள்ளல்தான். "அண்ணே, கை வேகமா ஓடட்டும்!" என்று நாத்தனார் விரட்ட, தராசோடு இவர் திணறினார்.

வெயில் ஏறுவதற்குள் தார்ப்பாய் காலி. அடுத்த வாரமும் வருவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவர் போனை எடுத்தார்.

"அண்ணே, நாளைக்கு டிராக்டர் வேண்டாம். ஆமா, அதே கேரட்தான். கேட்டு வாங்கிட்டுப் போறாங்க அண்ணே!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

யாரும் தொடாமல் மிஞ்சியது அந்த நேரான கேரட் மட்டும்தான்.

"இதை என்ன பண்றது?" என்றார்.

"என்ன பண்றது, நாமதான் திங்கணும்."

சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நல்லதை எல்லாம் விற்றுவிட்டு, கழித்ததைத்தான் நாங்கள் இத்தனை வருடமும் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

"நேரான கேரட் நம்ம வீட்டு அடுப்புக்குப் போறது இதுதான் முதல் தடவை, இல்ல?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க," என்றேன். "இன்னிக்காவது தோல் சீவுறது சுலபமா இருக்கும்."